மலையும் அலையும்



நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்குச் செல்வோர், இலங்கையின் மிக உயர்ந்த சிகரமாகிய பீதுருதலாகலைக்கு அருகாகவே பயணம் செய்கின்றனர். 2,524 மீட்டர் உயரமுள்ள அதன் உச்சியிலிருந்துதான் தீவின் பெரும்பகுதிக்குத் தொலைக்காட்சி அலைகள் செல்கின்றன. ஆயினும், அம்மலையின் மடியிலேயே வாழ்வோருக்கும் படம் மங்குவதுண்டு. விளக்கின் அடியில் இருள் என்பது இதுதானோ?

இதனை விளங்கிக்கொள்ளச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16 இல் தொடங்கியது. 1949 இல் அது ரேடியோ சிலோன் ஆயிற்று. வானொலியின் மத்திய அலை நிலத்தைத் தழுவி வளைந்து செல்லும்; சிற்றலை வான்மண்டலத்திற் பட்டுத் திரும்பும். ஆதலால் கடல் கடந்து தமிழகத்து வீடுகளிலும் இலங்கை ஒலிபரப்பு கேட்டது. மின்சாரம் எட்டாத தோட்டத்து லயங்களிலோ, பற்றரியில் இயங்கும் ஒரு பெட்டியைச் சுற்றிப் பல குடும்பங்கள் கூடின. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோரான அம்மக்களுக்குச் செய்தி கேட்பது பொழுதுபோக்கன்று. 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. தாம் எந்த நாட்டார் என்பதையே அவர்கள் செய்தியாகக் கேட்கவேண்டியிருந்தது.

பின்னர் தொலைக்காட்சி வந்தது. 1979 ஏப்ரல் 13 இல் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்புப் பகுதிக்கு ஒளிபரப்பைத் தொடங்கியது. 1982 பெப்ரவரி 15 இல், ஜப்பானிய அரசின் நன்கொடையால் எழுந்த ரூபவாஹினி ஒளிபரப்பாயிற்று. தொலைக்காட்சி அலை ஏறக்குறைய ஒளியைப் போல நேராகச் செல்வது. குறுக்கே ஒரு குன்று நின்றால் அதன் பின்னே நிழல் விழும். மேட்டு லயத்திற் படம் தெளிந்திருக்க, பள்ளத்து லயத்தில் அது மங்குவதன் காரணம் இதுவே.

கூரைமேல் நாம் நாட்டும் அன்டெனாவும் ஜப்பானிற் பிறந்ததே. 1926 இல் தோஹோக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷிந்தாரோ உடா, ஹிதெட்சுகு யாகி ஆகியோர் அதனை வெளியிட்டனர். 1942 இல் சிங்கப்பூரைக் கைப்பற்றிய ஜப்பானியப் படையினர், பிரித்தானியர் ஒருவரின் குறிப்பேட்டில் ‘யாகி’ என்ற சொல்லைக் கண்டு பொருள் புரியாது திகைத்தனராம்! அது அவர்தம் நாட்டவரின் பெயரே என்று கைதி சொல்லித்தான் அறிந்தனர். அருகிலிருப்பதன் அருமை அறியாமை எல்லா நாட்டுக்கும் பொது போலும்.

மலைநாட்டிற்கு மற்றுமோர் இடர் உண்டு. எதிர்மலையிற் பட்டுத் திரும்பும் அலை சற்றே தாமதித்து வருவதால், பழைய முறையில் ஓர் உருவத்தின் அருகே அதன் ஆவியுருவும் தோன்றும். டிஜிட்டல் முறையோ, ஓரளவு தாமதித்து வரும் எதிரொலியைப் பொறுத்துக்கொள்ளும் வகையில் அமைந்தது. சிகரம் மறைந்திருக்கும் இடத்தில் எதிர்ச்சரிவை நோக்கி அன்டெனாவைத் திருப்பினும் பயன் கிடைக்கக்கூடும். ஆனால் அலையின் வலிமை ஓர் எல்லைக்குக் கீழே குறையுமாயின், படம் மங்குவதில்லை. சதுரம் சதுரமாக உடைந்து அடியோடு மறைந்துவிடும். எனவே உயரமும் திசையும், மூடுபனியில் நனையாது காக்கப்பட்ட இணைப்புகளும் முன்னிலும் முக்கியமாகின்றன.

2014 இல் இலங்கை ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தேர்ந்தது. பணி பல ஆண்டுகள் தாமதப்பட்டது. பேரிடர் வேளையில் அதற்கென அமைந்த பெட்டிகளைத் தாமாகவே விழிக்கச்செய்யும் எச்சரிக்கைக் குறிப்பு அம்முறையில் உண்டு. அதே 2014 அக்டோபர் 29 இல்தான் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிற் புதைந்தன.

இன்று தோட்டத்துக் கூரைகளில் செய்மதித் தட்டுகள் நிறைந்துள்ளன. அவை சென்னையின் மழையைத் தமிழிற் சொல்கின்றன. அதனை நாம் விரும்பிக் கேட்பதிலும் தவறில்லை. ஆனால் நம் தலைக்குமேலுள்ள மலை சரியுமா என்பதை யார் சொல்வது? அச்செய்தி நம் மொழியில், நம் மலையிலிருந்தே வரவேண்டும். அதனை ஏற்க நம் கூரையும் ஆயத்தமாக இருக்கவேண்டும்.