1545: ஒரு புத்தகம், ஒரு கப்பல், 137 வில்கள்

இந்த எபிசோடில் பெரிய போர் எதுவும் இல்லை, ராஜாக்கள் கதையும் கொஞ்சம்தான். ஒரு மரக்கம்பு எப்படி வில்லாக மாறுகிறது, அதிலும் குறிப்பாக அந்த வில்லின் இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி வளைய வைப்பது எப்படி, அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம். கேட்க ரொம்ப சின்ன விஷயம் மாதிரி இருக்கும். ஆனால் இதற்குள் ஒரு நல்ல வரலாற்றுக் கேள்வி இருக்கிறது. கையில் மட்டுமே இருக்கிற அறிவு, அந்தக் கை போன பிறகு எங்கே போகிறது?

இதற்கு 1545-ஆம் ஆண்டு ரொம்ப வசதியான ஆண்டு. அந்த ஆண்டு இங்கிலாந்தில் இரண்டு விஷயங்கள் நடந்தன. ரோஜர் ஆஸ்கம் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞர், வில்வித்தை பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் புத்தகத்தை வெளியிட்டார். பெயர் 'டாக்ஸோஃபிலஸ்'. மன்னர் எட்டாம் ஹென்றிக்கு அதைச் சமர்ப்பித்தார். மன்னரும் சந்தோஷப்பட்டு ஆண்டுக்கு 10 பவுண்டு உதவித்தொகை கொடுத்தார். அதே ஆண்டு ஜூலை 19 அன்று, அதே மன்னரின் போர்க்கப்பல் 'மேரி ரோஸ்', போர்ட்ஸ்மத் துறைமுகத்துக்கு வெளியே சொலன்ட் நீரிணையில் பிரெஞ்சுக் கப்பல்களோடு நடந்த மோதலின்போது மூழ்கியது. புத்தகம் நூலகத்துக்குப் போனது. கப்பல் சேற்றுக்குள் போனது. வில் செய்வது பற்றி அதிகம் சொன்னது இரண்டில் எது என்று கடைசியில் பார்ப்போம்.

டில்லரிங் என்றால் என்ன?

முதலில் அடிப்படை. வில்லில் கைப்பிடிக்கு மேலே ஒரு பாதி, கீழே ஒரு பாதி. இந்தப் பாதிகளை லிம்ப் என்பார்கள். நம்மைப் பார்த்திருக்கும் உள்பக்கத்துக்கு வயிறு என்று பெயர், வெளிப்பக்கத்துக்கு முதுகு. நாணை இழுக்கும்போது முதுகு நீட்டப்படுகிறது, வயிறு அமுக்கப்படுகிறது. இந்த இரண்டும் லிம்ப் முழுக்கச் சீராகப் பரவ வேண்டும். அப்படிப் பரவும்வரை வயிற்றுப் பக்கத்தில் மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுக்கும் வேலைக்குத்தான் டில்லரிங் என்று பெயர்.

வேலை நடக்கும் விதம் இதுதான். பாதி செதுக்கிய கம்பில் ஒரு நீளமான நாணைத் தளர்வாகக் கட்டி, ஒரு தாங்கியில் வைத்து, கொஞ்சமாக இழுக்க வேண்டும். தள்ளி நின்று பார்க்க வேண்டும். எந்த இடம் வளையாமல் விறைப்பாக நிற்கிறதோ அங்கே குறி போட வேண்டும். இறக்கி, அந்த இடத்தை மட்டும் லேசாகச் சுரண்ட வேண்டும். மறுபடி மாட்டி இருபது முப்பது தடவை மெதுவாக இழுத்து விட வேண்டும். சுரண்டியதன் விளைவு முழுசாகத் தெரிய அவ்வளவு தடவை இழுக்க வேண்டியிருக்கும். பிறகு மறுபடி பார்க்க வேண்டும். கோளாறு கண்ணில் பட்டுவிட்டால், அதைச் சரி செய்யாமல் அதற்கு மேல் ஒரு அங்குலம்கூட இழுக்கக் கூடாது. டெஸ்ட் ஃபெயில் ஆகும்போது ரிலீஸ் பண்ணக் கூடாது என்பது மாதிரிதான்!

ஆனால் நம்ம வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. இங்கே அன்டூ கிடையாது. எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது. ஒரு இடத்தில் அதிகமாகச் சுரண்டிவிட்டால் அந்த இடம் கதவுக் கீல் மாதிரி மடங்க ஆரம்பிக்கும். அதைக் காப்பாற்ற ஒரே வழி, வில்லில் மற்ற எல்லா இடத்தையும் அந்த அளவுக்கு இளைக்க வைப்பது. வில் பிழைக்கும், ஆனால் பலம் குறைந்துவிடும்.

எவ்வளவு சுரண்டினால் 'அதிகம்'? இன்ஜினியரிங் முதல் வருஷக் கணக்குதான். செவ்வக வடிவக் குறுக்குவெட்டு உள்ள ஒரு சட்டத்தின் விறைப்பு, அகலத்தோடு நேரடியாக மாறும். கனத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு மாறும். 12 மில்லிமீட்டர் கனம் உள்ள இடத்தில் 1 மில்லிமீட்டர் எடுத்தால் அந்த இடத்தின் விறைப்பில் கிட்டத்தட்ட 23 சதவீதம் போய்விடும். ஒரு தாள் கனம், அதாவது 0.1 மில்லிமீட்டர் எடுத்தால்கூட 2.5 சதவீதம் குறையும். அதனால்தான் வேலையின் கடைசிக் கட்டத்தில் கோடாரியும் அரமும் ஓரமாகப் போய், கத்தி முனையால் தூசி மாதிரி சுரண்டுவது மட்டும் மிஞ்சுகிறது.

சரி, இரண்டு லிம்பும் சமமாக இல்லாவிட்டால் என்ன ஆகும்? பலவீனமான லிம்ப் அதிகமாக வளையும். அதிகமாக வளைவதால் அதன் வயிற்றில் மரநார்கள் நசுங்கும். நசுங்கியதால் இன்னும் பலவீனமாகும், அடுத்த இழுப்பில் இன்னும் அதிகமாக வளையும். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் கோளாறு இது. முதலில் அம்பு ஒழுங்காகப் போகாது, கையில் உதறல் தெரியும், ஒருநாள் முழு இழுப்பில் வில் உடையும். முகத்துக்குப் பக்கத்தில்.

இன்னொன்று. சமம் என்றால் ஒரே மாதிரி என்று அர்த்தமில்லை. அம்பு கைக்கு மேலே போகிறது. அதனால் நாணை இழுக்கும் புள்ளி வில்லின் சரியான நடுவில் இருக்காது. அதை ஈடுகட்ட, வழக்கமாகக் கீழ் லிம்பைக் கொஞ்சம் விறைப்பாக விடுவார்கள். ஜப்பானின் 'யூமி' வில்லில் பிடி இருப்பதே கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில்தான். மேலே நீளம், கீழே குட்டை. ஆனாலும் விடும்போது இரண்டும் சேர்ந்து திரும்ப வேண்டும். அளவை ஒன்றாக்குவது சுலபம், நடத்தையை ஒன்றாக்குவதுதான் கஷ்டம்.

முடியாத வில்

இந்த வேலை பாதியில் நின்றால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும், ஏனென்றால் அப்படி ஒரு வில் கிடைத்திருக்கிறது. 1991 செப்டம்பரில் ஆல்ப்ஸ் மலையில், 3,210 மீட்டர் உயரத்தில், பனிக்குள் ஒரு மனிதர் கிடைத்தார். சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்தவர். உலகம் அவரை ஓட்ஸி என்று அழைக்கிறது. அவருடைய வில் யூ மரத்தால் ஆனது, சுமார் 1.82 மீட்டர் நீளம். அந்த வில் முடிக்கப்படவில்லை. மேலெல்லாம் கோடாரி வெட்டிய தடங்கள் அப்படியே இருக்கின்றன, நாண் மாட்டும் இடம்கூட வெட்டப்படவில்லை.

தூணியில் 14 அம்புகள், அவற்றில் முனை வைத்து முடித்தவை 2 மட்டும், அந்த இரண்டும் உடைந்திருந்தன. அதே தூணியில் இருந்த விலங்குத் தசைநார்க் கயிறு வில்நாண்தான் என்று பின்னாளைய ஆய்வு சொன்னது. நாண் தயார். வில் தயாரில்லை. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் வலது கையில் ஆழமான வெட்டுக்காயம் பட்டிருந்தது. 2001-இல் எடுத்த எக்ஸ்ரேயில் இடது தோளில் ஒரு கல் அம்புமுனை தெரிந்தது. பின்னாலிருந்து எய்தது. யோசிச்சுப் பாருங்க, எய்தவரிடம் முடிந்த வில் இருந்தது, இவரிடம் முடியாத வில் இருந்தது. ஒரு கம்புக்கும் வில்லுக்கும் நடுவில் இருப்பது சில நாள் பொறுமையான சுரண்டல்தான். அந்த நாட்கள் இவருக்குக் கிடைக்கவில்லை.

'அது என் தொழில் இல்லை'

மறுபடி இங்கிலாந்துக்கு வருவோம். இடைக்கால இங்கிலாந்தில் வில் என்பது அரசாங்க விவகாரம். லண்டனில் 1371-இலேயே வில் செய்பவர்களும் அம்பு செய்பவர்களும் தனித்தனித் தொழிலாகப் பிரிந்துவிட்டார்கள். நல்ல யூ மரம் உள்ளூரில் போதவில்லை, ஐரோப்பாவிலிருந்து வரவழைத்தார்கள். 1472-இல் நான்காம் எட்வர்டு காலத்துச் சட்டம், இறக்குமதிச் சரக்கு ஒவ்வொரு டன்னுக்கும் 4 வில்கம்புகள் கொண்டுவர வேண்டும் என்றது. 1484-இல் மூன்றாம் ரிச்சர்டு, சில வகை ஒயின் பீப்பாய் ஒவ்வொன்றுக்கும் 10 கம்புகள் என்று இன்னொரு நிபந்தனை வைத்தார். அப்படிக் கடல் தாண்டி வந்த கம்பில்தான் அந்தத் தொழிலாளி கத்தியை வைக்கிறார். அன்டூ இல்லாமல்.

இப்போது ஆஸ்கம் புத்தகத்தைத் திறந்தால், புது வில் வாங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று அருமையாகச் சொல்கிறார். வெளியில் கொண்டுபோய் கனமான அம்புகளை வைத்து எய்து பார், எந்த இடம் அதிகமாக வளைகிறது என்று கவனி, அங்கே நார் நசுங்கும் முன் கவனித்துக்கொள், பிறகு நம்பிக்கையான வேலைக்காரரிடம் திரும்பக் கொடு, அவர் குறைக்க வேண்டியதைக் குறைத்து வில் முழுவதும் சீராக வட்டமாக வளையும்படி செய்து தருவார் என்கிறார். டில்லரிங்கின் நோக்கம் அத்தனையும் இதில் இருக்கிறது.

ஆனால் அந்த வேலைக்காரர் எப்படிச் செய்வார்? அங்கே ஆஸ்கம் நிறுத்திக்கொள்கிறார். வில் செய்வதைப் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன், அது வேறொருவருடைய தொழில், எனக்கு அதில் திறமை இல்லை என்கிற அர்த்தத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நேர்மையான பதில்தான். ஆனால் எழுதத் தெரிந்தவருக்குச் செதுக்கத் தெரியவில்லை, செதுக்கியவரிடம் யாரும் புத்தகம் கேட்கவில்லை. டாக்குமென்டேஷன் இல்லாமல் ஒரு டீம் மொத்தமாகக் கலைந்தால் என்ன ஆகும் என்று ஐடியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கி பரவப் பரவ, போர்வில்லின் தேவை குறைந்து, அந்தத் தொழிலாளர்களும் குறைந்துபோனார்கள்.

கப்பல் சொன்னது

1982 அக்டோபர் 11 அன்று, 437 ஆண்டுகளுக்குப் பிறகு, மேரி ரோஸ் கப்பலின் மிச்சத்தை மேலே தூக்கினார்கள். அந்த அகழாய்வில் முழுசாகக் கிடைத்த வில்கள் 137. அம்புகள் 3,500-க்கும் மேல். பல வில்கள் பெட்டியில் அடுக்கியபடியே இருந்தன. நீளம் 1.87 மீட்டரிலிருந்து 2.11 மீட்டர் வரை. அதற்கு முன் அந்தக் காலத்துப் போர்வில் என்று கையில் எடுத்துப் பார்க்க ஒன்றிரண்டுதான் இருந்தன.

முதல் அதிர்ச்சி, கனம். இவ்வளவு தடிமனான வில்லை யாரால் இழுக்க முடியும், இவை பாதி செய்த கம்புகளாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தது. நடிகரும் வில்வித்தை ஆய்வாளருமான ராபர்ட் ஹார்டி இதில் முன்னால் நின்றார். இத்தனை வருஷம் கடலில் இருந்த மரம் பலம் இழந்திருக்கும், அதனால் அசலை இழுத்துப் பார்த்து அளப்பதை நம்ப முடியாது. மாதிரி வில்கள் செய்தார்கள். டச்சுக் கணிதவியலாளர் கூய், கம்ப்யூட்டர் மாடல் வைத்து வில்லின் இழுவிசையைக் கணக்கிட்டார். அதற்குச் சில பத்தாண்டுகள் முன்பு, அமெரிக்காவின் பெல் லேப்ஸ் இயற்பியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன், ஒவ்வொரு லிம்பையும் வளையாத ஒரு துண்டு, அடியில் ஸ்பிரிங் வைத்த ஒரு கீல் என்று எளிமையாக்கிக் கணக்குப் போட்டிருந்தார். கூய் அதைத் தாண்டி, லிம்ப் முழுக்கத் தொடர்ச்சியாக வளைவதைக் கணக்கில் எடுத்தார்.

கிடைத்த மதிப்பீடு, சுமார் 100 முதல் 185 பவுண்டு. பல வில்கள் 150-ஐ ஒட்டி. இன்று ஒலிம்பிக்கில் ஆண்கள் இழுப்பது பெரும்பாலும் 50 பவுண்டை ஒட்டித்தான். 150 பவுண்டு என்றால் 68 கிலோ, 25 கிலோ அரிசி மூட்டை இரண்டரைக்கு மேல்! கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகளில் சிலவற்றின் தோள்பட்டை எலும்பும், சிறுவயதிலிருந்தே கனமான வில் இழுத்தவர்களோ என்று நினைக்க வைத்தது. ஆக அவை பாதி வேலை இல்லை, முடிந்த வில்கள்.

எனக்கு இதில் பிடித்தது எண்கள் இல்லை, மரத்தின் மேல் இருக்கும் முடிவுகள். முதுகுப் பக்கம் இழுவையைத் தாங்கும் வெளிமரம், வயிற்றுப் பக்கம் அமுக்கத்தைத் தாங்கும் வைரம் பாய்ந்த உள்மரம், இரண்டும் ஒரே கம்பில் வரும்படி வெட்டியிருக்கிறார்கள். முதுகு, மரம் வளர்ந்த மேடுபள்ளத்தை அப்படியே தொடர்கிறது. கணு இருக்கும் இடத்தில் கத்தி நேராகப் போகவில்லை, கணுவைச் சுற்றிக் கொஞ்சம் மரத்தை மேடாக விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அங்கே நார் பலவீனம் என்று அந்தக் கைக்குத் தெரியும். தனியாகப் பிடி செதுக்கவில்லை, நடு உட்பட வில் முழுவதும் வளையும். ஆஸ்கம் சொன்ன அந்த வட்டம் இதுதான். எழுதாமல் விட்ட பாடம், 137 பிரதிகளாகச் சேற்றுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது.

அதற்கு விலை என்ன என்பதையும் மறக்கக் கூடாது. கப்பலில் சுமார் 500 பேர் இருந்தார்கள், பிழைத்தவர்கள் 35 பேர் அளவுக்குத்தான். நமக்குக் கிடைத்த பாடம், அவர்கள் கடைசிவரை எடுக்காத வில்களிலிருந்து வந்தது.

இன்று அந்த வில்களை அளந்து, பார்த்து, உடைத்து, திரும்பச் செய்து, கனமான போர்வில் செய்யும் கலையை ஒரு சிறு கூட்டம் மறுபடி கற்றிருக்கிறது. சொல்லித்தர ஆள் இல்லாமல், மிச்சமான பொருளிலிருந்து கற்றது. எல்லாத் தொழிலுக்கும் இப்படி ஒரு கப்பல் கிடைக்காது. அடுத்த தடவை உங்கள் வீட்டில் ஆசாரி கதவை இழைக்கும்போது, நடுவில் நிறுத்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரத்தை நீளவாக்கில் பார்ப்பார் இல்லையா, அப்போது அவரிடம் கேளுங்க, 'அண்ணே, என்ன பார்க்கறீங்க?' என்று. பதிலை எனக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.