கட்டருக்குச் சாணை பிடிக்கும் யந்திரம்

சிறு பட்டறை நடத்துகிறவர் ஒருவர், லேத்தும் மில்லிங் மெஷினும் சேர்த்துக்கொண்ட பின்னர், பழைய டூல் அண்ட் கட்டர் கிரைண்டர் ஒன்றைத் தேடிப் புறப்படும்பொழுது, புதிதாகப் பூசிய வர்ணத்தையும் மோட்டாரின் குதிரைசக்தியையும் கண்டு விலை பேசிவிடுவது சாதாரணமாக நிகழ்கிற காரியம். ஆனால் இந்த யந்திரம் எந்த நிர்ப்பந்தத்தினால் பிறந்தது என்பதை அறிந்தவர், அதன் உடலுக்கு முன்னதாக அதனோடு வரவேண்டிய துணைக்கருவிகளையே கேட்பார்.

மில்லிங் தொழிலின் ஆதிகாலத்தில், கட்டர் என்பது நெருங்கிய நுண்பற்களை உடைய, சுழலும் அரமாகவே இருந்தது. அது மழுங்கிவிட்டால், நெருப்பிலிட்டு மிருதுவாக்கி, கைவேலையாகப் பற்களை மறுபடி வெட்டி, மீண்டும் சூடேற்றிக் கடினப்படுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் அது கோணிப்போகவோ விரிசல் காணவோ கூடுமாதலால், நல்ல கட்டரைக் கெடுத்துவிடுவோமோ என்ற அச்சத்திலேயே மழுங்கிய கட்டரை வைத்துக் காலந்தள்ளியவர்கள் பலர் இருந்திருப்பார்கள். கடினம் கெடாமலே பல்லை அரைத்துக் கூராக்கும் வழி எமரிச் சக்கரத்தினால் கிடைத்த பின்னரே, பற்களைப் பெரியனவாகவும் இடைவெளி விட்டும் அமைக்கும் வழக்கம் பரவியது. அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்தில் பிரௌன் அண்ட் ஷார்ப் நிறுவனத்தை நடத்திய ஜோசப் பிரௌன், பல்லின் முகத்தை மட்டும் எத்தனை முறை அரைத்தாலும் வெட்டின் வடிவம் மாறாதிருக்கும் கட்டருக்கு 1864இல் காப்புரிமை பெற்றார். கூராக்குவதை எண்ணியே கட்டரின் உருவம் வகுக்கப்பட்டது என்பதனால், இதனை இத்தொழிலின் மகத்தான திருப்பமென்று நான் கருதுகிறேன். அவர் மறைந்த 1876ஆம் ஆண்டிலேயே அவருடைய யூனிவர்சல் கிரைண்டிங் மெஷினும் உலகத்தின் பார்வைக்கு வந்தது.

சக்கரத்தின் விருத்தியும் உடன் நிகழ்ந்தது. 1873இல் அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்து மட்பாண்டத் தொழிற்சாலை ஒன்றில் ஸ்வென் பல்சன் என்ற தொழிலாளி எமரியைக் களிமண்ணோடு கலந்து சூளையில் சுட்டுச் சக்கரம் செய்தார். 1891இல் எட்வர்ட் அச்செசன் மின்னுலையில் கார்போரண்டம் என்ற சாணைப்பொருளைக் கண்டார்.

எனினும் யந்திரம் மட்டும் போதவில்லை. கூரின் கோணத்தைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினா எஞ்சி நின்றது. 1880இல் மிட்வேல் எஃகு ஆலையில் தொடங்கிய சோதனைகளின் முடிவுகளை 1906இல் அமெரிக்கப் பொறியாளர் சங்கத்தின் முன் வைத்த பிரெடெரிக் டெய்லர், லேத் ஓட்டுகிறவன் தன் கருவியைத் தன் கண்ணளவில் சாணை பிடிக்கும் வழக்கத்தை ஒழித்து, டூல் ரூமில், நிர்ணயித்த கோணத்தில், அதற்கென ஏற்பட்ட யந்திரத்தில் அரைக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். தொழிலாளியின் சுயேச்சையில் ஒரு பகுதி அன்று பறிபோயிற்று என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், அவரும் அவரோடு உழைத்த வைட் என்பவரும் உருவாக்கிய ஹைஸ்பீடு ஸ்டீல் பரவிய காலத்தில், விலையுயர்ந்த அந்த எஃகை ஒவ்வொருவர் மனம்போல் அரைத்து வீணாக்க இடங்கொடுத்திருக்க முடியாது.

அந்த நிர்ணயத்தைக் காப்பது டூத் ரெஸ்ட் எனப்படும் மெல்லிய எஃகுத் தகடு. அரைக்கப்படும் பல்லையே அது தாங்கி நிற்பதால், பற்களின் இடைவெளியில் சிறு பிழை இருந்தாலும் ஒவ்வொரு பல்லும் ஒரே உயரத்தில் சக்கரத்தைச் சந்திக்கிறது. கிண்ணச் சக்கரத்தில் அரைக்கும்போது, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கட்டருக்கு 5 பாகை விடுகோணம் (கிளியரன்ஸ்) வேண்டுமானால், தகட்டின் நுனியைக் கட்டரின் மையத்துக்கு ஏறக்குறைய 2.2 மில்லிமீட்டர் கீழே இறக்கினால் போதும். சுருள்பல் கட்டரானால் தகட்டைச் சக்கரத் தலையோடு பொருத்திவிட, மேஜை நகர நகரப் பல் அதன்மேல் வழுக்கிச் சென்று கட்டரைத் திருப்பிக்கொள்கிறது. இத்தகடும், வொர்க் ஹெட்டும், இரு சென்டர்களும் இல்லாத கிரைண்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். ஏனெனில் அவற்றைப் பிற்பாடு தேடிச் சேர்ப்பதற்குள் மலிவு கரைந்துவிடும்.

நம் நாட்டுப் பழைய யந்திரச் சந்தையில், செகந்தராபாத்தில் 1943இல் தோன்றிய பிராகா டூல்ஸ் நிறுவனத்தின் கிரைண்டர்கள் அகப்படுகின்றன. மியூனிக்கின் டெக்கல் நிறுவனம் செதுக்கு யந்திரத்தின் ஒற்றைவாய்க் கட்டருக்கென்று இயற்றிய சிறு கிரைண்டரின் நகல்களும் வருகின்றன. அவை தம் வேலைக்கு உத்தமமானவை, ஆனால் நீண்ட சுருள்பல்லின் பக்கத்தை அரைப்பதற்காக ஏற்பட்டவையல்ல. கழற்றி மாட்டும் இன்சர்ட் கட்டர்கள் பரவியதால் பெரிய ஆலைகள் கழித்துக்கட்டியவை சிறு பட்டறைக்காரருக்கு எட்டும் விலையில் வந்திருப்பது நன்மையே.

சாணைத் தூசியே இந்த யந்திரத்தின் நித்திய சத்துரு. அது மேஜையின் சறுக்குப்பாதையைத் தேய்த்துவிடுமாதலால், வாங்குமுன் மேஜையை நகர்த்திப் பார்க்க வேண்டும்; விரலால் தள்ளினாலே அது ஓட வேண்டும். இரு கோடிகளில் இறுகியும் நடுவில் ஆட்டங்கண்டும் இருந்தால், அதிகம் உழைத்த நடுப்பகுதி தேய்ந்துவிட்டதென்று பொருள். பிறகு, மழுங்கிய கட்டர் ஒன்றை விற்பவரையே அரைக்கச் செய்து, டயல் கேஜ் வைத்துப் பல் பல்லாகப் பார்க்க வேண்டும். முதற்பல்லிலிருந்து கடைசிப்பல்வரை உயரம் சிறிது சிறிதாகக் கூடியிருந்தால், அரைக்கும்போது சக்கரம் தேய்ந்தது காரணம்; இன்னொரு சுற்று மெல்ல அரைத்தால் தீரும். ஒரு முனை பருத்து மறுமுனை சிறுத்திருந்தால் மேஜையைத் திருப்பிச் சரிசெய்யலாம். உயரம் ஓர் ஒழுங்குமின்றி ஏறியிறங்கினாலோ, சென்டர்களையும் ஸ்பிண்டில் பேரிங்கையும் பழுதுபார்க்க ஆகும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டே பேச்சைத் தொடர வேண்டும்.