வூஜோ மதிலும் பர்கண்டியின் பெயர்களும்

பிரான்சு நாட்டின் கிழக்கே, திஜோன் நகரையடுத்துத் தொடங்கிப் போன் நகரையும் கடந்து தெற்கே செல்லும் குன்றுச் சரிவு ஒன்று உண்டு. நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். திராட்சை விளையும் பட்டையின் அகலம் பல இடங்களில் ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு மேற்படாது. பர்கண்டி மதுவின் புகழ் பெரிதும் இச்சரிவினால் வந்ததே. சிவப்பு மதுவுக்குப் பினோ நுவார், வெள்ளை மதுவுக்கு ஷார்தொனே என முதன்மையான கொடிகள் இரண்டே. நிலத்துண்டுகளின் பெயர்களோ ஆயிரத்துக்கும் மேல். பெயரும் எல்லையும் உடைய ஒவ்வொரு துண்டையும் அவ்வூரார் 'கிளிமா' என்பர். பிற இடங்களில் தட்பவெப்பத்தைக் குறிக்கும் அச்சொல் இங்கே வயலைக் குறிக்கிறது. 2015-இல் யுனெஸ்கோ இந்நிலங்களை உலக மரபுச் செல்வங்களுள் சேர்த்தது.

சரிவின் உச்சியில் மண் மெலிந்தது. அடிவாரத்தில் களிமண் மிகுந்து நீர் தேங்கும். சுண்ணாம்புக் கல்லும் சுண்ணக் களியும் கலந்த நடுப்பகுதியே சிறந்ததென மதிக்கப்படுகிறது. இவ்வேற்றுமையை முதலில் உணர்ந்தோர் துறவிகள் என்பது மரபு. அவர்கள் மண்ணை நாவிலிட்டுச் சுவைத்து எல்லை வகுத்தனர் என்றொரு கதையும் உண்டு. அதை நம்பவேண்டிய கட்டாயமில்லை. ஒரே நிலம் பல தலைமுறை ஒரே மடத்தின் கையில் இருந்தது என்பதே போதிய விளக்கம். 1098-இல் நிறுவப்பட்ட சீத்தோ மடத்துத் துறவிகள் அடுத்த நூற்றாண்டு முதல் வூஜோவில் நிலம் சேர்த்து, பின்னர் அதனைச் சுற்றி மதில் எழுப்பினர். குளோ த வூஜோ எனும் அத்தோட்டம் ஏறத்தாழ 50 ஹெக்டேர் பரப்புடையது.

பெயரைக் காக்கும் வேட்கை அரசரையும் பற்றியது. 1395-இல் பர்கண்டிக் கோமகன் பிலிப், காமே என்னும் கொடியை வேரோடு களைய ஆணையிட்டான். மிகுதியாகக் காய்த்து உழவனுக்குக் கைகொடுத்த கொடி அது. மதுவின் தரம் காத்த ஆணையென்று அதைப் போற்றுவோர், களைந்த கொடிக்கு விலை கொடுத்தவன் யார் என்று கேட்பதில்லை.

பிரெஞ்சுப் புரட்சி மடத்தின் நிலத்தைப் பறித்தது. 1791-இல் வூஜோ ஏலத்தில் விற்கப்பட்டது. மக்கள் அனைவர்க்கும் சமபங்கு என்ற 1804-ஆம் ஆண்டுச் சட்டம் பர்கண்டித் தோட்டங்களைத் தலைமுறைதோறும் கூறுபோட்டது. வூஜோ 1889-இல் பலருக்குப் பிரித்து விற்கப்பட்டது. இன்று அம்மதிலுக்குள் எண்பதுக்கும் மேற்பட்ட உடைமையாளர் உளர். சிலருக்கு உள்ளவை ஒருசில வரிசைக் கொடிகளே.

சிக்கல் இங்கேதான். இருபதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் பெயருரிமைச் சட்டம் வந்தபோது, மதிலுக்குள் இருந்த நிலம் முழுவதற்கும் மிக உயர்ந்த தகுதி ஒன்றே வழங்கப்பட்டது. மேற்புறம் நல்ல சரிவு. கீழ்ப்புறம் நெடுஞ்சாலையோரச் சமதரை, ஈரம் மிக்கது. துறவிகள் மேல், நடு, கீழ் ஆகிய மூன்றன் மதுவையும் வேண்டியவாறு கலக்க முடிந்தது. இன்றைய உடைமையாளன் தன் துண்டில் விளைந்ததை மட்டுமே அப்பெயரில் விற்கிறான். சட்டம் மண்ணைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்தது. எனவே நிலத்தின் பெயரே தலையாயது என்னும் பர்கண்டியில், வாங்குவோன் ஆக்கியோன் பெயரைத் தேடிப் படிக்க நேர்கிறது.

ஊர்களும் இப்பெயராசைக்கு விலக்கல்ல. 1847-இல் ஜெவ்ரே ஊர் தன் புகழ்பெற்ற வயலான ஷாம்பெர்த்தனைத் தன் பெயருடன் இணைத்துக்கொண்டது. மோன்றஷே வயல் இரண்டு ஊர் எல்லைகளில் கிடந்ததால் 1879-இல் புய்லிஞியும் ஷசாஞும் ஆளுக்கொரு முறை அதனைச் சூடிக்கொண்டன!

இதற்கிடையே அமெரிக்காவிலிருந்து வந்த வேர்ப்பூச்சியான பிலாக்சரா 1878-இல் இச்சரிவை அடைந்தது. அமெரிக்க வேரின்மேல் உள்ளூர்க் கொடியை ஒட்டுவதே பிழைக்கும் வழியாயிற்று. 2 ஹெக்டேருக்கும் குறைந்த ரொமானே-கோந்தி மட்டும் மண்ணுக்கு மருந்து செலுத்திப் பழைய வேரை நெடுநாள் காத்தது. 1945-இல் அக்கொடிகளும் பிடுங்கப்பட்டன. 1946 முதல் 1951 வரை அப்பெயரில் மதுவே இல்லை. 1952-இல் ஒட்டுக்கொடியின் பழத்திலிருந்து எடுத்த மது அதே பெயருடன் வந்தது.