மூச்சு முட்டிய கதை

எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவந்த அம்மாவுக்குத் தேவனாம்பட்டினம். 2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் புகுந்தபோது பேரனைத் தூக்கிக்கொண்டு ஓடித் தப்பியவர். கடலூர் மாவட்டத்தில் மட்டும் அன்று 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

மாசியில் மறுபடி கூடையோடு வந்தார். திண்ணையில் இறக்கி வைத்ததும், "மூச்சு முட்டுது சார், நெஞ்சை அடைக்குது" என்று உட்கார்ந்துவிட்டார். விரல் நுனியெல்லாம் மரத்துப்போயிற்று. ஈசிஜி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். குறை ஒன்றும் இல்லை. "பயந்த கோளாறு, மந்திரிக்கணும்" என்றார்கள் சிலர். "நிவாரணத்துக்காக நடிப்பு" என்றார்கள் சிலர். அப்படிச் சொன்னவர்களை நானும் மறுத்துப் பேசவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

இந்த நோய்க்குப் பழைய சரித்திரம் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்கள் பலருக்கு இதே படபடப்பும் மூச்சுத் திணறலும் இருந்ததை டா கோஸ்டா என்ற மருத்துவர் 1871-ல் எழுதினார். இதயக் கோளாறு என்றே அவர் நினைத்தார். 1941-ல் லண்டன் இதய மருத்துவர் பால் வுட், இதன் வேர் பயத்தில் இருக்கிறது என்று காட்டினார். பயத்தில் வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. அதனால்தான் தலைசுற்றலும் விரல் மரத்துப்போவதும். அதைக் கண்டு பயம் இன்னும் கூடுகிறது, மூச்சும் கூடுகிறது. நடிப்பு எங்கே இருக்கிறது இதில்?

சுனாமிக்குப் பின் பெங்களூரு நிம்ஹான்ஸ் குழுவினர் நம் கடலோரத் தொண்டர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்களில் ஒன்று, காது கொடுத்துக் கேட்பது. அந்த அம்மாவை என் மனைவிதான் சிதம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனாள். அவர் கதை முழுவதையும் கேட்டார். மூக்கால் நிதானமாக இழுத்து, அதைவிட மெதுவாக விடப் பழக்கினார். சில மாதம் மாத்திரையும் கொடுத்தார். முதலில் தெருமுனை வரை, பிறகு மணல் வரை, கடைசியில் அலை வரை என்று படிப்படியாகக் கடலருகே போகச் சொன்னார்.

ஒரு விஷயம். நம் வயதில் மூச்சு முட்டினால் மனசுதான் என்று நாமே முடிவுகட்டக் கூடாது. இதயத்தையும் நுரையீரலையும் முதலில் பார்த்துவிட வேண்டும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியமும் வேண்டாம். மாரடைப்போ ஆஸ்துமாவோ இருந்தால் ஆபத்து.

2011 டிசம்பரில் தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு ஒருநாள் அந்த அம்மாவுக்குத் திரும்பவும் மூச்சு வாங்கிற்று. அதே திண்ணையில் உட்கார்ந்து, கண்ணை மூடி, நிதானமாக மூச்சை இழுத்து விட்டார். பிறகு, "என்ன மீன் வேணும் சார்?" என்றார்.