மாவுச்சத்துக் குறைந்த உணவு (முதலாம் வகை நீரிழிவு)

மாவுச்சத்துக் குறைந்த உணவு முறை என்பது அரிசி, கோதுமை, கிழங்கு, சர்க்கரை போன்றவற்றின் அளவைக் குறைத்து உண்ணும் முறையாகும். பொதுவாக நாளொன்றுக்கு 130 கிராமுக்குக் குறைவான மாவுச்சத்து கொண்ட உணவு இவ்வாறு அழைக்கப்படுகிறது. இன்சுலின் சார்ந்த நீரிழிவு எனப்படும் முதலாம் வகை நீரிழிவு உள்ளோரில் சிலர், இன்சுலின் ஊசியுடன் இம்முறையையும் கைக்கொள்கின்றனர். இது இன்சுலினுக்கு மாற்று அன்று. இந்நோயில் கணையத்தின் பீட்டா உயிரணுக்கள் அழிந்துவிடுவதால், எதுவும் உண்ணாத நாளிலும் உடலுக்கு வெளியிலிருந்து இன்சுலின் தேவைப்படுகிறது.

வரலாறு

இன்சுலின் கண்டறியப்படுவதற்கு முன் உணவுக் கட்டுப்பாடு ஒன்றே மருத்துவமாக இருந்தது. அமெரிக்க மருத்துவர் பிரெடரிக் ஆலன் 1910களில் பரப்பிய பட்டினி உணவு முறை நோயாளியின் வாழ்நாளைச் சில மாதங்களோ சில ஆண்டுகளோ நீட்டித்தது. அதற்குமேல் அதனால் இயலவில்லை. 1922 சனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்ட 14 வயதுச் சிறுவன் லியோனார்டு தாம்சனின் எடை அப்போது ஏறத்தாழ 30 கிலோ மட்டுமே.

இன்சுலின் வந்த பின் மாவுச்சத்தைக் குறைக்கும் முறைக்கு மீண்டும் உயிரூட்டியவர் அமெரிக்கரான ரிச்சர்டு பெர்ன்சுடைன் (1934-2025). பொறியாளரான இவருக்கு 12 வயதில் முதலாம் வகை நீரிழிவு ஏற்பட்டது. 1969இல் மருத்துவமனைகளுக்கென உருவான குருதிச் சர்க்கரைமானி ஒன்றை, மருத்துவரான மனைவியின் பெயரில் வாங்கித் தம்மையே அளந்து பார்த்தார். பின்னர் தாமே மருத்துவம் படித்தார். நாளொன்றுக்கு 30 கிராம் மாவுச்சத்து என்பது இவர் வகுத்த வரம்பு.

தமிழ்நாட்டில் நிலைமை வேறாக இருந்தது. 1954இல் சென்னை இராயபுரத்தில் நீரிழிவு மருத்துவமனையை நிறுவிய எம். விசுவநாதன், அரிசி உண்ணும் மக்களுக்கு மேலைநாட்டு உணவுப் பட்டியல் பொருந்தாது எனக் கருதி, மாவுச்சத்தும் நார்ச்சத்தும் மிகுந்த உணவைப் பரிந்துரைத்தார். நார்ச்சத்து நீங்கிய தீட்டிய அரிசியே இன்று பெரும்பாலோர் தட்டை நிரப்புகிறது என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

கணக்கு

100 கிராம் வெள்ளைச் சோற்றில் சுமார் 28 கிராம் மாவுச்சத்து உள்ளது. ஒருவருக்கு 12 கிராம் மாவுச்சத்துக்கு 1 அலகு இன்சுலின் தேவை எனக் கொள்வோம் (இவ்வளவு ஆளுக்கு ஆள் மாறும்). 300 கிராம் சோற்றில் 84 கிராம் மாவுச்சத்து இருப்பதால் 7 அலகு தேவை. சோற்றின் அளவைக் கண்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கு தவறாக மதிப்பிட்டால் பிழை ஏறத்தாழ 17 கிராம். 100 கிராம் சோறு மட்டும் உண்பவருக்கு அதே தவறு 6 கிராமுக்கும் குறைவே. உள்ளீடு சிறிதானால் பிழையும் சிறிதாகும் என்பதே பெர்ன்சுடைன் முறையின் அடிப்படை.

இக்கணக்கின் மறுபக்கம் ஆபத்தானது. வழக்கமான 7 அலகைப் போட்டுக்கொண்டு 100 கிராம் சோற்றோடு எழுந்துவிட்டால் குருதிச் சர்க்கரை வெகுவாகத் தாழ்ந்து, நடுக்கம், வியர்வை, மயக்கம், வலிப்பு வரை செல்லலாம். ஆகவே உணவை மாற்றும் முன்பே மருத்துவருடன் இன்சுலின் அளவைத் திருத்திக்கொள்ள வேண்டும். புரதத்தின் ஒரு பகுதியும் சில மணி நேரம் கழித்துச் சர்க்கரையாக மாறும் என்பதால் மீன், முட்டைக்கும் கணக்கு உண்டு.

இராமநாதபுரம் கடற்கரை உணவில்

இராமேசுவரம், பாம்பன், மண்டபம், தொண்டி, கீழக்கரை ஆகிய ஊர்களில் இம்முறைக்கு உகந்த உணவு கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. மீனில் மாவுச்சத்து ஏறக்குறைய இல்லை. நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றிலும் மிகக் குறைவே. தேங்காய், முருங்கைக்கீரை, கத்தரிக்காய், முட்டை முதலியனவும் பொருந்தும். மாவில் புரட்டிப் பொரித்த மீனில் அம்மாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால் மீன் வரத்துக் குறையும். அப்போது கருவாட்டை நாடுவோர் அதன் உப்பையும் கருத வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளோர் புரதத்தின் அளவையும் மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும்.

பனை மிகுந்த இம்மாவட்டத்தில் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் நீரிழிவுக்குத் தீங்கற்றவை என்றொரு நம்பிக்கை உண்டு. இது தவறு. இரண்டிலும் பெரும்பகுதி கரும்புச் சர்க்கரையில் உள்ள அதே சுக்குரோசுதான். பதநீரும் இனிப்பு நீரே. கீழக்கரைத் தொதலைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. குதிரைவாலி முதலிய சிறுதானியங்கள் நார்ச்சத்து மிகுந்தவை எனினும், அவற்றிலும் பெரும்பகுதி மாவுச்சத்தே.

எச்சரிக்கைகள்

கடலுக்குச் செல்வோர் கையில் சர்க்கரையோ குளுக்கோசுப் பொடியோ இருத்தல் கட்டாயம். வலை இழுக்கும் உழைப்பே சர்க்கரையைத் தாழ்த்தும். சர்க்கரை தாழ்ந்தால் 15 கிராம் குளுக்கோசு, அல்லது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை நீரில் கலந்து பருகி, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது.

இன்சுலினை நிறுத்தினால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களைக் குவிக்கும். குருதி அமிலமாகி உயிருக்கே ஆபத்தாகும். மாவுச்சத்தைக் குறைத்து உண்போரிடம் அப்போதும் சர்க்கரை அவ்வளவாக உயராதிருக்கலாம். அதனால் சர்க்கரைமானியை மட்டும் நம்பினால், வெயிலில் கெட்டுப்போன இன்சுலின் கூட நேரங்கழித்தே தெரியவரும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் காணப்பட்டால் கீட்டோன் சோதனையும் உடனடி மருத்துவ உதவியும் தேவை.

2018இல் வெளியான ஆய்வொன்றில், நாளுக்குச் சராசரியாக 36 கிராம் மாவுச்சத்து உண்ட 316 பேரின் சராசரி எச்பிஏ1சி அளவு 5.67 விழுக்காடாக இருந்தது. ஆயின் அவர்கள் தாமாக முன்வந்து விவரம் அளித்தவர்கள். ஒப்பீட்டுக் குழு எதுவும் இல்லை. வளரும் குழந்தைகளுக்கு இம்முறையைப் பன்னாட்டுக் குழந்தை நீரிழிவு வழிகாட்டல்கள் பரிந்துரைப்பதில்லை.