களவெட்டி முதல் கணினித் திரை வரை: வாவிக்கரையில் கவி பாடிய அரங்குகள்

கவிதையை எழுதியவரே வாசிக்கிறார். பக்கத்தில் ஒருவர் இசைக்கருவியொன்றை மீட்டுகிறார். அழைக்கப்பட்டவர்களின் முறை முடிந்ததும், சபையில் இருப்போரில் விரும்பிய எவரும் தம் கவிதையைச் சொல்லலாம் என்று அறிவிக்கப்படுகிறது. 'ஓபன் மைக்' எனப்படும் இத்தகைய நிகழ்வுகள் 2020ஆம் ஆண்டின் ஊரடங்குக் காலத்துக்குப் பின்னர் ஸூம் வழியாகத் தமிழுலகில் பரவலாயின. இதனை மேலைநாட்டிலிருந்து வந்திறங்கிய புதுமை என்று கருதுவோரும் உளர். கவியரங்கின் கண்ணியத்தைக் குலைக்க வந்தது என்று அஞ்சுவோரும் உளர். இரு சாராரும் மட்டக்களப்பு வாவிக்கரையின் கவி வரலாற்றை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நன்று. இசையும், முறைவைத்துப் பாடுதலும், எவருக்கும் திறந்த சபையும் இம்மண்ணுக்குப் புதியன அல்ல. அவை இருந்தன, பின்னர் குறுகின, ஒரு கட்டத்தில் அறவே நின்றும் போயின என்பதே உண்மை.

களவெட்டியும் காவற்பரணும்

ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை ஐம்பது கிலோமீற்றருக்கும் அதிகமாக நீண்டு கிடக்கிறது மட்டக்களப்பு வாவி. அதன் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. ஏறாவூர், காத்தான்குடி, மருதமுனை, கல்முனை ஆகிய முஸ்லிம் ஊர்கள் எழுவான்கரைப் பக்கத்தில் அமைந்தவை. வயல்வட்டைகளில் பெரும்பகுதி மேற்கே கிடப்பது. ஆகவே வேளாண்மைக் காலத்தில் ஆண்கள் வாடிகளில் தங்கினர். இரவுக் காவலுக்குப் பரண் கட்டினர். அறுவடைக்குப் பின் களவெட்டியில் மாடு வளைத்துச் சூடு மிதித்தனர்.

இந்த நீண்ட இரவுகளில்தான் 'கவி' பிறந்தது. கிழக்கிலங்கையில் நாட்டார் பாடலுக்குக் கவி என்றே பெயர். பெரும்பாலும் நான்கு அடி. மச்சானும் மச்சியும் ஒருவரையொருவர் விளித்துப் பாடும் அமைப்பு. ஒரு பரணிலிருந்து ஒருவன் கவி எடுத்தால் அடுத்த பரணிலிருந்து இன்னொருவன் மறுகவி சொல்வான். மறுகவி தெரியாதவன் இட்டுக்கட்டுவான். பாடுவதற்கு அழைப்பிதழ் தேவைப்படவில்லை; போடியாரும் பாடலாம், கூலிக்கு வந்தவனும் பாடலாம். பக்கவாத்தியம் கிடையாது. ஆயினும் இழுத்துப் பாடும் அந்த இராகமே கவியின் பாதி உயிர். அச்சில் படித்தால் எளிய நாலடியாகத் தெரிவது, பாடக் கேட்கையில் வேறொன்றாகி விடுகிறது.

இக்கவிகளில் கணிசமானவை பெண் குரலில் அமைந்தவை. பிரிவும் ஏக்கமும் ஊர்வாய்க்கு அஞ்சுதலும் ஏமாற்றியவனைச் சபிப்பதும் அவற்றின் பொருள். மேடை ஏறாத, கையெழுத்துப் போடத் தெரியாத எத்தனையோ உம்மாமாரும் மூத்தம்மாமாரும் இவற்றின் ஆசிரியர்களாக இருந்திருக்க வேண்டும். ஆனால் பெயர் நிலைக்கவில்லை. வி.சி. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' (1964) இப்பிரதேசத்தின் பண்பாட்டை எழுத்தில் நிறுத்திய முன்னோடி நூல்களில் ஒன்று. நிந்தவூர் எஸ். முத்துமீரான் முஸ்லிம்களிடையே வழங்கிய நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார் தொகுத்த 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' கிழக்கிலங்கையின் நாட்டார் காதற் பாடல்களைத் தமிழக வாசகர்களிடமும் கொண்டு சேர்த்தது. நவீன பெண் கவிஞர் ஒருவர் தம் முன்னோடிகளைத் தேடிப் பெயரற்ற அந்தப் பெண்களிடம் சென்றது தற்செயலானதல்ல.

றபானும் தாயிராவும் பொல்லடியும்

தாளக் கருவியோடு சொல்லைச் சேர்த்த மரபும் நம்மிடம் தனியாக வளர்ந்தது. றமழான் இரவுகளில் ஸஹருக்கு மக்களை எழுப்ப வீதி வீதியாக வரும் பாவாமார் தாயிரா அடித்துப் பைத்துப் பாடினர். அக்கரைப்பற்றின் பக்கீர்மாரையும் அவர்களது றிபாயிய்யா மரபையும் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே நீண்டகாலக் களஆய்வின் மூலம் பதிவு செய்துள்ளார். கலியாண வீடுகளிலும் பெருநாட்களிலும் பொல்லடி நடைபெற்றது. அண்ணாவியார் பாட்டின் அடியை எடுத்துக் கொடுக்க, வட்டமாக நின்றோர் கம்புகளைத் தட்டி அதனைத் திருப்பிச் சொல்வர். பெண்கள் குரவையிட்டனர், பெருநாளில் ஊஞ்சல் பாட்டுப் பாடினர். மௌலூது மஜ்லிஸ்களும், சீறாப்புராணத்தைப் பாடிப் பொருள் சொல்லும் சபைகளும், மாலை, மஸ்அலா, முனாஜாத்து முதலியன வீடுகளில் ஓதப்பட்டமையும் இதே வரலாற்றின் மற்றொரு பக்கம்.

இவற்றையெல்லாம் ஒரே தரத்தில் வைத்துப் பேச முடியாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இசைக்கருவி பற்றிய மார்க்கத் தீர்ப்புகளில் நம்மிடையே வேறுபாடு உண்டு. கடந்த சில தசாப்தங்களில் அவ்வேறுபாடு கடுமையும் அடைந்தது. பொல்லடியும் றபானும் பல ஊர்களில் அருகியமைக்கு அதுவும் ஒரு காரணம். மறுபுறம், ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரழி) அவர்கள் கவி சொல்வதற்கென நபிகளாரின் பள்ளிவாசலிலேயே மிம்பர் அமைத்துக் கொடுக்கப்பட்டது என்பதும், பெருநாளன்று அன்ஸாரிச் சிறுமியர் பாடியதை நபிகளார் தடுக்க விடவில்லை என்பதும் ஹதீஸ் நூல்கள் கூறுவன. வாத்தியம் வேண்டாதவர் வாத்தியமின்றிப் பாடட்டும். குரலையே வேண்டாமென்று தள்ளிவிடுவதற்கு நமது வரலாற்றில் ஆதாரம் இல்லை.

மேடை வந்த பின்னர்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கவியரங்கம் என்ற மேடை வடிவம் வலுப்பெற்றது. தலைமைக் கவிஞர், தலைப்பு, பங்குபற்றுவோர் பட்டியல், தலைவர் ஒவ்வொருவரையும் கவிதையாலேயே அழைத்தல், நல்ல அடிக்குக் கைதட்டல், மீண்டும் சொல்லக் கேட்டல் என்பன அதன் இலக்கணம். உருது முஷாயிராவோடு இதற்குள்ள ஒற்றுமை வெளிப்படை. அங்கே பாடுபவர் முன் மெழுகுவர்த்தி நகர்த்தி வைக்கப்படும். இங்கே ஒலிவாங்கி நகர்த்தப்பட்டது.

அந்த உருது மரபின் பெரும் படைப்பு ஒன்று வாவிக்கரைக்கு வந்து சேர்ந்தது. அல்லாமா இக்பால் தமது 'ஷிக்வா'வை 1911இல் லாகூரில் மக்கள் கூட்டத்தின் முன் தாமே பாடி அரங்கேற்றினார். 1913இல் அதன் மறுமொழியையும் பெருங்கூட்டத்தில் பாடினார். காத்தான்குடியின் கவிஞர் மர்ஹூம் அப்துல் காதர் லெப்பை (1913–1984) அவ்விரண்டையும் 'முறையீடும் தேற்றமும்' எனத் தமிழாக்கினார். 'இக்பால் இதயம்' என்ற நூலையும் தந்தார். ஏறாவூரின் புரட்சிக்கமாலிடமும் இக்பாலின் முழக்கத்தைக் கேட்கலாம். மருதமுனையில் புலவர்மணி ஆ.மு. ஷரிபுத்தீன் மரபுவழிப் புலமையைப் பேணினார். அவரது புதல்வர் ஜின்னாஹ் ஷரிபுத்தீன் காவியங்கள் இயற்றினார்.

இன்னொரு திசையில் பெரியநீலாவணையின் நீலாவணன் (1931–1975) பேச்சோசையையும் சந்தத்தையும் ஒருங்கே கையாண்டார். ஒரு தமிழ்க் கவிஞரைச் சுற்றி எம்.ஏ. நுஃமான், மருதூர்க்கொத்தன், மருதூர்க்கனி முதலிய முஸ்லிம் எழுத்தாளர்கள் இயங்கிய கல்முனை வட்டாரத்தின் அக்காலம், இன்று நினைத்துப் பார்க்கையில் பெறுமதி மிக்கது. செய்யுளை இழுத்துப் பாடாமல் பேசுவதுபோலச் சொல்லலாம் என்ற மாற்றம் ஈழத்தில் மஹாகவி, முருகையன், நீலாவணன் ஆகியோரின் வழியே நிலைபெற்றது. அடுத்து 1980களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் 'கவிதா நிகழ்வு' என்ற பெயரில் பல குரல்களும் இசையும் அசைவும் கலந்து கவிதைகள் நிகழ்த்தப்பட்டன. அழைப்பிதழும் தலைப்பும் இல்லாத ஓபன் மைக்குக்கு மிக அருகில் இலங்கையில் இருப்பது, கொழும்பில் வலம்புரி கவிதா வட்டம் பௌர்ணமி தினங்களில் நடத்தி வந்த கவியரங்கு எனலாம்.

ஆயினும் மேடையில் ஓர் இழப்பும் நேர்ந்தது. களவெட்டியில் இருந்த எல்லோரும் பாடகர். கவியரங்கில் மேடையில் உள்ளவர் கவிஞர், கீழே உள்ளவர் ரசிகர். பரணிலிருந்து பாடிய கூலியாளுக்கு அங்கே நாற்காலி இல்லை. கவிகளின் பெண் குரலுக்கும் மிக அரிதாகவே இடம் கிடைத்தது. கைதட்டலுக்கென்றே எழுதப்பட்ட சிலேடைகளும் பெருகின. கல்முனையின் சோலைக்கிளி 'நானும் ஒரு பூனை' (1985) தொகுதியிலிருந்து தொடங்கிய புதுக்கவிதை, மேடையின் ஓசைக்கு ஆட்படாமல் தாளில் தனியே படிக்கப்படும் மொழியைத் தேடியமையை இப்பின்னணியில் விளங்கிக்கொள்ளலாம்.

இரவு பறிபோன காலம்

கவி பாடுவதற்கு முதலில் வேண்டியது அச்சமற்ற இரவு. 1985இன் தமிழ்–முஸ்லிம் மோதல்களோடு அது குலையத் தொடங்கியது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். சில நாட்களில் ஏறாவூரிலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு செப்டெம்பரில் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் குழந்தைகளோடு இராணுவத்தினரால் படுகொலை செய்யப்பட்டனர். இந்தப் பெயர்களை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக எழுதாமல் வாவிக்கரையின் எந்த வரலாற்றையும் நேர்மையாக எழுத முடியாது.

படுவான்கரைக்குப் போய்வருவது முஸ்லிம் விவசாயிகளுக்கு ஆபத்தானது. வயல்கள் கைவிடப்பட்டன. வயலோடு வாடியும் காவற்பரணும் போயின. அவற்றோடு கவியும் போயிற்று. உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் எப்படியும் களவெட்டியை மாற்றியிருக்கும். ஆனால் இயந்திரம் மட்டும் வந்திருந்தால் பாட்டு வேறிடம் தேடியிருக்கும். யுத்தம் அந்த வேறிடத்தையும் விட்டுவைக்கவில்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மேடையில் அமர்வது அரிதாயிற்று. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை கரையோர ஊர்களை இன வேறுபாடின்றி அழித்தது. யுத்தம் 2009இல் முடிந்து மெல்ல மெல்ல அரங்குகள் கூடிய வேளையில், 2019 ஏப்ரல் 21ஆம் திகதி மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் நடந்த குண்டுத் தாக்குதல் மீண்டும் ஒரு சுவரை எழுப்பியது.

திரையில் திறந்த ஒலிவாங்கி

2020இல் கொரோனா வந்தது. இலங்கை முஸ்லிம்களுக்கு அது நோயோடு மட்டும் நிற்கவில்லை. தொற்றினால் மரணித்தோரை எரிக்க வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் வர்த்தமானியில் வெளியாகி, 2021 பெப்ரவரி இறுதி வரை நடைமுறையில் இருந்தது. ஜனாஸாவை அடக்கும் உரிமைக்காகச் சமூகம் துடித்த அந்த மாதங்களில் கவிஞர்கள் எழுதினர். கூடி வாசிக்க முடியாத நிலையில் திரை வழியே வாசித்தனர். பின்னர் அடக்க அனுமதி கிடைத்தபோது நாடெங்குமிருந்தும் ஜனாஸாக்கள் வந்து சேர்ந்தது மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி, மஜ்மா நகருக்கு. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கப்பட்டனர். ஆகவே நம்மைப் பொறுத்தவரை இணையவழிக் கவியரங்கு பொழுதுபோக்காகத் தொடங்கியதல்ல. துக்கத்தைச் சொல்ல வேறு சபை இல்லாதபோது கிடைத்த சபை அது.

அதன் நன்மைகளை எண்ணிப் பார்ப்போம். இரவில் வீட்டை விட்டு வெளியேற முடியாத பெண், முகத்தைக் காட்டாமலேயே தன் குரலில் தன் கவிதையைச் சொல்லலாம். கட்டாரிலும் சவூதியிலும் தொழில் பார்க்கும் ஏறாவூர் இளைஞன் வேலை முடிந்த இரவில் ஊரின் சபையில் இருக்கலாம். ஆரையம்பதியின் தமிழ்க் கவிஞரும் அடுத்துள்ள காத்தான்குடியின் முஸ்லிம் கவிஞரும், நேரில் அமரத் தயங்கும் காலத்திலும், ஒரே நிகழ்வில் ஒருவரையொருவர் கேட்கலாம். களவெட்டியில் இருந்து மேடையில் இழந்த திறந்த தன்மை இங்கே ஓரளவு மீள்கிறது.

குறைகளும் உண்டு. தொழில்நுட்பத்தில் ஏற்படும் தாமதத்தால் சேர்ந்து பாடுவதும் தாளம் போடுவதும் குலைந்துவிடும். அண்ணாவியார் அடியெடுத்துக் கொடுத்து வட்டம் திருப்பிப் பாடும் பொல்லடியைத் திரையில் செய்ய இயலாது. எல்லோரது ஒலிவாங்கியும் மூடப்பட்டிருக்க, வாசிப்பவர் தம் கவிதை எங்கே பட்டது என்று அறியாமலே வாசிக்கிறார். பரணில் பாடியவனுக்கு அடுத்த பரணின் மறுகவியே விமர்சனம். இங்கே ஒவ்வொருவரும் தம் முறை முடிந்ததும் வெளியேறிவிடும் வழக்கம் வளர்கிறது. கேட்பவர் இல்லாத இடத்தில் பாடுபவர் மட்டும் பெருகுவது சபையாகாது.

நடத்துவோர் கவனிக்கத்தக்க சில காரியங்களைக் குறிப்பிடலாம். அழைக்கப்பட்ட கவிஞர்களுக்கு அரை மணித்தியாலம் என்றால் திறந்த ஒலிவாங்கிக்கும் அதே அரை மணித்தியாலம் ஒதுக்கப்பட வேண்டும். இறுதி ஐந்து நிமிடம் என்பது தர்மம் போடுவது போன்றது. தம் முறை முடிந்தவர் அடுத்தவருக்கு ஒரு வார்த்தையாவது மறுமொழி சொல்லும் மறுகவி வழக்கத்தை மீட்கலாம். இசை சேர்ப்போர் கிற்றாரையும் கீபோர்டையும் மட்டும் நாடாமல், இன்னும் தாயிரா அடிக்கத் தெரிந்த பாவாமாரையும் பொல்லடி அண்ணாவிமாரையும் அழைத்து, அவர்களுக்குரிய கூலியையும் கொடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒலிப்பதிவு. கவிகளின் சொற்கள் நூல்களில் ஏறிவிட்டன. அவற்றின் இராகம் ஏறவில்லை. அதைத் தொண்டையில் வைத்திருக்கும் மூத்தம்மாமார் ஒவ்வொருவராக மையித்தாகிக்கொண்டிருக்கிறார்கள். பேரப்பிள்ளையின் கைத்தொலைபேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அந்தக் குரல் தங்கிவிடும். அடுத்த நிகழ்வுக்குக் கவிஞர் பட்டியல் தயாரிக்கும் நண்பர்கள், அதில் முதற் பெயராக அத்தகைய ஒரு மூத்தம்மாவின் பெயரை எழுதட்டும்.