நிப்பா: பதினெண்ணாயிரம் எழுத்துகளின் வரலாறு

1998ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களின் இறுதியில், ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் உழைத்தோரிடையே கடுங்காய்ச்சலும் நினைவிழப்பும் தோன்றின. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே அது கருதப்பட்டது. அந்நோய்க்கும் பன்றிகளோடு தொடர்புண்டு. ஆதலின் அக்கருத்து எழுந்ததில் வியப்பில்லை. தடுப்பூசி போட்டனர், கொசுமருந்துப் புகை அடித்தனர். நோயோ தணியாது தெற்கே நகர்ந்து, நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் ஆகிய ஊர்களைப் பற்றியது.

ஐயுறுதற்குரிய சான்றுகள் முன்னரே கண்முன் இருந்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரிதும் சிறுவரைத் தாக்குவது. இங்கோ வீழ்ந்தவருள் பெரும்பாலோர் பன்றிகளைத் தொட்டுழைத்த ஆடவர். தடுப்பூசி போட்டுக்கொண்டவரும் தப்பவில்லை. பன்றிகளும் உரத்து இருமி மடிந்தன. கொசு தொழில் பார்த்துக் கடிப்பதன்று! எனினும், முதலில் இட்ட பெயர் எளிதில் விலகவில்லை. அத்தாமதத்தின் விலை மனித உயிர்.

1999 மார்ச்சில், மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பாவைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் மூளைத்தண்டுவட நீரிலிருந்து புதியதொரு நச்சுயிரியைப் பிரித்தெடுத்தார். அம்மாதிரி அமெரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அங்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கியின்கீழ் அது தட்டம்மைக் குடும்பத்தைச் சார்ந்த தோற்றங்காட்டிற்று. 1994இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா நச்சுயிரிக்கு அது நெருங்கிய உறவென்பதும் விளங்கிற்று. அதன்பின்னரே நோயை நிறுத்தும் வழி புலப்பட்டது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டிருந்தனர். சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற, ஒருவர் இறந்தார்.

அடுத்து, அந்நச்சுயிரியின் மரபுச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படிக்கும் பணி நடந்தது. ஆர்.என்.ஏ. என்னும் ஒற்றை இழையில், நான்கே வகை எழுத்துகளால் அமைந்தது அச்செய்தி. மொத்தம் 18,246 எழுத்துகள். தட்டம்மை நச்சுயிரிக்கோ 15,894 மட்டுமே. இவ்விரண்டு எண்களும் ஆறால் மீதியின்றி வகுபடும். இது இக்குடும்பத்தில் பலவற்றுக்கும் உரிய ஒழுங்கு. மூன்றெழுத்து கூடி ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். தொடக்கக் குறிக்குப்பின் நிறுத்தக் குறி வாராது நெடுக ஓடும் பகுதியில் ஒரு புரதம் பொதிந்திருத்தல் கூடும் என்று ஆய்வாளர் கொள்வர். இவ்வாறு தேடியபோது ஆறு மரபணுக்கள் வரிசையாய் நிற்கக் கண்டனர்.

அவற்றுள் 'பி' எனும் மரபணு தமிழாசிரியர்க்குச் சுவையூட்டுவது. 'வேங்கை' என்பது ஒன்றாய் நின்று விலங்கையும் மரத்தையும், 'வேம் கை' எனப் பிரிந்து வேகின்ற கையையும் குறித்தலை நன்னூலார் பொதுமொழி என்பார். 'பி' மரபணுவும் அத்தகையதே. தொடக்கமிடத்தை மாற்றிப் படித்தால் 'சி' என்னும் வேறு புரதம் பிறக்கும். படியெடுக்கையில் குறித்த ஓரிடத்தில் 'ஜி' எழுத்து ஒன்று மிகுந்தால் 'வி' புரதம். இரண்டு மிகுந்தால் 'டபிள்யூ' புரதம். முற்பகுதி மாறாது, பிற்பகுதி முற்றும் வேறாகும். ஒரு மரபணு, நான்கு புரதம்! இவை வெறும் ஏட்டுக் கணிப்பாய் நின்றுவிடவில்லை. 'வி', 'டபிள்யூ' ஆகியவை, உடல் தன்னைக் காத்துக்கொள்ள அனுப்பும் இண்டர்பெரான் செய்தியைத் தடுப்பன என்று பின்னர் ஆய்வுக்கூடத்தில் கண்டனர்.

நச்சுயிரியின் மேலுறையிலுள்ள 'ஜி' புரதம், குருதிக் குழாய்ச் சுவரிலும் நரம்பணுக்களிலும் உள்ள எப்ரின்-பி2 என்னும் பொருளைப் பற்றிக்கொள்வது 2005இல் தெரியவந்தது. மூளையை அந்நோய் ஏன் நாடிற்று என்பதற்கு அதுவே தக்க விடை.

ஹெண்ட்ராவோடு கண்ட உறவு வேறொரு வழியும் காட்டிற்று. அது பழந்தின்னி வௌவால்களில் வாழ்வதாதலின், மலேசியாவிலும் அவ்வினத்தையே தேடினர். தியோமான் தீவு வௌவால்களின் சிறுநீரில் நிப்பா கிடைத்த செய்தி 2002இல் வெளிவந்தது. பண்ணையோரப் பழமரங்களில் வௌவால் கடித்து வீழ்த்திய கனிகளைப் பன்றிகள் தின்றிருக்கும் என்பர். 2012இல், ஹெண்ட்ராவின் 'ஜி' புரதத்தைக்கொண்டு குதிரைகளுக்கான தடுப்பூசி ஆஸ்திரேலியாவில் பயனுக்கு வந்தது.